ஊரே கைதட்டிய வாணம்

அத்தியாயம் 4

வாணவேடிக்கை முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் இந்தியில் அறிவித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, பாட்டுத் தட்டையும் போட்டுவிட்ட பிறகுதான் அந்தக் கடைசி வாணம் கிளம்பியது.

ஜனவரி இருபத்தாறு. போர்ட் பிளேர் மொத்தமும் ஜிம்கானா மைதானத்தில்தான் இருந்தது. வங்காளிக் குடும்பங்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்கள், குழந்தை குட்டிகளோடு சர்க்கார் குமாஸ்தாக்கள் என்று எள் போட்டால் விழாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் முழங்கையால் இடம் பிடித்துப் பாய் விரித்து, கிளாரா தன் அப்பாவை உட்கார வைத்திருந்தாள். அந்தோணிமுத்துவுக்குக் கண் பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் வருஷா வருஷம் வாணம் பார்க்க வந்துவிடுவார். பார்ப்பது காதால். மேலே சீறிப் போகும் சத்தத்தை வைத்தே இது நல்ல சரக்கு, இது நமத்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அதே பாயின் மறுகோடியில் பக்கத்து வீட்டு ஞானசெல்வி, மடியில் மகள் லூர்துவோடு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடத்தைக் காலி விட்டிருந்தாள். அது அவள் புருஷன் இருதயநாதனுக்கு. படகு இன்ஜின் மெக்கானிக். வேலையை முடித்துக்கொண்டு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அந்த வருஷம் வாணத்துக்குச் சோதனை. மதராஸிலிருந்து கப்பலில் வந்த பட்டாசுப் பெட்டிகள் கடல் தண்ணீர் பட்டு வீணாகிவிட்டன என்று மத்தியானமே ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. பதிலுக்குத் துறைமுகத்தில் காலாவதியாகிக் கிடந்த ஆபத்து ராக்கெட்டுகளை விடுவதாக ஏற்பாடு. நடுக்கடலில் கப்பல் சிக்கிக்கொண்டால் 'காப்பாற்றுங்கள்' என்று சொல்லி மேலே விடுவார்களே, அந்தச் சிவப்பு ராக்கெட்டுகள். ஒரே நிறம்தான். ஆனால் குடைபிடித்து மெல்ல இறங்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஜனங்களுக்கு வெளிச்சம் வந்தால் சரி.

கடைசி வாணம் கிளம்பியபோது பாதிப் பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் திடீரென்று ஒரு சிவப்பு. எதிர்பாராமல் கிடைத்ததால் அதற்குத்தான் வரவேற்பு அதிகம். மைதானமே 'ஓ' என்று கத்திக் கைதட்டியது. கிளாரா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். முன்வரிசையில் நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த சிப்பி வியாபாரி சண்முகம் மட்டும் சட்டென்று எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வேகமாக வெளியேறினார்.

"பாவம், விழா விருந்து வயித்துல வேலையைக் காட்டுது போல," என்றாள் கிளாரா.

ஞானசெல்வி சிரிக்கவில்லை. காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தோணிமுத்து மகளின் கையைச் சுரண்டினார். "இப்ப எதுக்குளா எல்லாரும் கைதட்டுதிய? ஒண்ணுமே வெடிக்கலயே."

"வெடிக்காத வாணத்துக்கும் கைதட்டுறதுதாம்ப்பா தேசபக்தி," என்று சொல்லிவிட்டுக் கிளாரா பாயைச் சுருட்டினாள். அந்தச் சிவப்பு கடல்மேல் மெதுவாக இறங்கி அணைந்தது.

*

துப்பறிவாளர் பக்தவத்சலத்தின் ஆபீஸ் அபர்தீன் பஜாரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. மனிதர் ஒரே ஒரு கேஸுக்காக மதராஸிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர். வந்த கப்பலில் நாலு நாளும் வாந்தி. கேஸ் முடிந்தது. திரும்பிப் போகக் கப்பல் ஏற வேண்டுமே என்று நினைத்தாலே குடல் மேலே வந்தது. அடுத்த கப்பல் பார்க்கலாம், அதற்கடுத்தது பார்க்கலாம் என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாக வந்தவன்கூடத் தண்டனை முடிந்து திரும்பிப் போனான், உங்களைத்தான் இந்தத் தீவு விட மாட்டேன் என்கிறது என்று கிளாரா வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்காட்டுவாள். சம்பளம் கொடுக்கும் முதலாளியை இப்படிப் பேசும் உதவியாளர் அந்தத் தீவுக்கூட்டத்திலேயே அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் ஞானசெல்வி அங்கே வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ராத்திரி பூரா வரல சார். படகுத்துறை ஜெட்டியிலயே படுத்திருப்பாவன்னு மனச தேத்திக்கிட்டேன். விடிஞ்சதும் சண்முகம் மொதலாளி ஆள் அனுப்பிச் சொல்லுதாவ, அவிய நேத்து மத்தியானக் கப்பல்ல மெயின்லேண்டுக்குப் போயிட்டாவளாம். சாட்சி சொல்லப் பயந்து ஓடிட்டாவளாம்."

"என்ன சாட்சி?" என்றார் பக்தவத்சலம்.

ஞானசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கிளாராதான் சொன்னாள். "போன மழைக்காலத்துல சண்முகத்தோட சிப்பிப் படகு முங்கிப்போச்சுல்ல சார், மூணு பேர் செத்தாங்கல்ல. அடிப்பலகை உளுத்துப்போனது தெரிஞ்சும் படகைக் கடலுக்கு அனுப்பினாரு. பிழைச்சு வந்தது இருதயண்ணன் மட்டும்தான். நாளைக்கு விசாரணை. அண்ணன் வாயைத் திறந்தா சண்முகம் ஜெயிலுக்குப் போகணும். வாயை மூடினா மாலை போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காரலாம்."

"உன் வீட்டுக்காரர் பயந்தவரா?" என்று பக்தவத்சலம் கேட்டார்.

"இல்ல சார். செத்தவிய பொண்டாட்டி பிள்ளையள முகத்துக்கு நேரா பாக்க முடியல, சொல்லிட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்னாவ."

"வீட்டிலிருந்து என்ன எடுத்துப் போயிருக்கிறார்?"

"ஒண்ணும் இல்ல. நல்ல சட்டை கொடியில கிடக்கு. செருப்பு வாசல்ல கிடக்கு. தகர டப்பாவை மட்டும் காணல."

"என்ன டப்பா?"

"பழைய பிஸ்கோத்து டப்பா சார். மெழுகு வச்சு அடைச்சிருப்பாவ. அந்தப் படகு முங்கினதுக்குப் பொறவு, அதை இடுப்புல கட்டாம கடல்ல கால் வைக்க மாட்டாவ. எங்க ஜங்லிகாட் தெருப் பயலுவ எல்லாம் கேலி பண்ணுவானுவ. உள்ள என்ன இருக்குன்னு என்னைப் பாக்க விட மாட்டாவ. லூர்து தொட்டான்னா அடிதான்."

பக்தவத்சலம் சன்னலை எட்டிப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"கப்பலில் போகிறவன் செருப்பை விட்டுவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். விசித்திரமான பிரயாணி. வா, அவனை ஏற்றிவிட்டவரைப் பார்க்கலாம்."

*

சண்முகத்தின் கிடங்கில் சிப்பி நாற்றம் மூக்கைத் துளைத்தது. மூட்டை மூட்டையாகச் சங்கும் சிப்பியும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முதலாளி இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். முகத்தில் அனுதாபம் பொங்கியது. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ராத்திரி தூக்கம் இல்லையோ?" என்றார் பக்தவத்சலம்.

"எங்கங்க தூங்க விட்டாங்க. ஒரே வாணச் சத்தம்."

"வாணம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டதே."

"அதுக்கப்புறம் இந்தக் கவலைதாங்க." சண்முகம் பெருமூச்சு விட்டார். "நல்ல பையன். நேத்து வந்து காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். என்னால கோர்ட்டு கச்சேரின்னு அலைய முடியாது, அனுப்பி வச்சிடுங்கன்னான். நானே ஹாடோ ஜெட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போய் கப்பல் ஏத்தி விட்டேன். மேல்தட்டுல நின்னு கையைக்கூட காட்டினான்."

"வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லையா?"

"வெளிய தெரியக் கூடாதுன்னான். நானும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

கிளாரா இளநீரை உறிஞ்சி முடித்துவிட்டு, ஓட்டைக் கீழே வைத்தாள். "உங்க அம்மாவுக்கு என்ன குடுத்து விட்டீங்க மொதலாளி?"

"எங்க அம்மாவுக்கா?"

"ராமநாதபுரத்துல இருக்காங்கல்ல. போன கப்பல்ல எங்க தெரு ஆள் போனப்ப ஒரு பொட்டி கருவாடு, ரெண்டு சங்கு, கண்ணு மருந்து வாங்கக் காசுன்னு ஏத்தி விட்டீங்க. அதுக்கு முந்தின கப்பல்லயும் அப்படித்தான். இந்த ஊர்ல ஒருத்தன் மெயின்லேண்டுக்குப் போறான்னா, தெருவே அவன் தலையில மூட்டையை ஏத்தும். அவன் சொந்தத் துணிக்கு இடம் இருக்காது. நேத்து உங்க கண்ணு முன்னால ஒருத்தன் வெறுங்கையோட கப்பல் ஏறுறான். நீங்க ஒரு கருவாட்டுத் துண்டுகூடக் குடுத்து விடலையா?"

சண்முகம் இளநீர் வெட்டிய ஆளை உள்ளே போகச் சொன்னார்.

"அவசரத்துல மறந்துட்டேன்," என்றார்.

"கப்பல் மாசத்துல ஒண்ணு ரெண்டுதான் வருது. அம்மாவை மறக்குற அளவுக்கு அவசரமா?"

"கிளாரா," என்று பக்தவத்சலம் அதட்டினார். "பெரியவர்களிடம் என்ன பேச்சு. மன்னிக்கணும் சார், வாய் கொஞ்சம் நீளம்." கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

தெருவுக்கு வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "நல்ல கேள்வி. ஆள் கப்பல் ஏறவில்லை. அது நிச்சயம். அப்படியானால் எங்கே?"

கிளாரா திரும்பிப் பார்த்தாள். கிடங்கு வாசலில் சண்முகம் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இப்போது அனுதாபம் இல்லை. அதைப் பற்றி ஒரு ஜோக் அடிக்கலாம் என்று நினைத்தாள். வரவில்லை.

*

வழியில் ஜங்லிகாட்டில் அவள் வீடு. ஒரு வாய் டீ குடித்துவிட்டு யோசிக்கலாம் என்று உள்ளே போனார்கள். அந்தோணிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே "வாங்க சார்" என்றார்.

டீ வந்தது. அவர் மகளைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லலியே. கடைசியா எல்லாரும் எதுக்குக் கைதட்டினிய?"

"அரே, விடுங்கப்பா. அது..."

பக்தவத்சலம் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "நீங்கள் சொல்லுங்கள் ஐயா. உங்களுக்கு என்ன கேட்டது?"

"மத்தது எல்லாம் ஒழுங்கா கேட்டுச்சு சார். உஸ்ஸுன்னு கிளம்பும், டப்புனு விரியும், பொறவு மருந்து வாசம் மூக்குல ஏறும். கடைசில இந்த மூணும் இல்ல. சனம் மட்டும் ஓன்னு கத்துச்சு. நான் ஒருத்தன் மட்டும் பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

கிளாராவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது.

"சார்," என்றாள். "அது கடல் பக்கம் வந்துச்சு. மத்தது எல்லாம் மைதானத்து ஓரத்துல இருந்து கிளம்புச்சு. அது மட்டும் தூரத்துல. அதான் சத்தம் இல்ல, வாசம் இல்ல." டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அந்த டப்பாவுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

பக்தவத்சலம் ஏற்கெனவே எழுந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

முந்தின நாள் ராக்கெட்டுகளைக் கொளுத்தியவர் துறைமுகத் தொழிலாளி அடைக்கலசாமி. அபர்தீன் ஜெட்டியில் அபாயச் சங்கு ஊதும் அறைக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட இருந்தது எல்லாத்தையும் விட்டு முடிச்சு, கையும் கழுவிட்டேன் சார். அதுக்குப் பொறவுதான் அது போச்சு. என்னுது இல்ல. எந்தக் கப்பலோ நமக்கு சலாம் வைக்குதுன்னு நெனச்சு நானும் ஒரு சலாம் வச்சேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் பீடியாலேயே காட்டினார். எதிரே, கூப்பிடு தூரத்தில் ராஸ் தீவு. வெள்ளைக்காரன் விட்டுப்போன இடிந்த கட்டடங்களும் ஆலமர வேர்களும் மான்களும் தவிர அங்கே யாரும் இல்லை. "அதுக்குப் பின்னால. கிழக்குக் கரை."

ஜெட்டி மூலையில் வீணாய்ப்போன பட்டாசுப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. கிளாரா போய் ஒன்றைத் தூக்கினாள். ஓர் அட்டையைக் கிழித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி நக்கினாள்.

"காலையில் நீ ஒன்றும் சாப்பிடவில்லையா?" என்றார் பக்தவத்சலம்.

"கடல் தண்ணி பட்ட அட்டை காய்ஞ்சா மேல வெள்ளையா பூக்கும் சார். நக்கினா கரிக்கும். இது சப்புன்னு இருக்கு. பொட்டி நனைஞ்சது கப்பல்ல இல்ல. இங்கதான். யாரோ கிணத்துத் தண்ணியை மொண்டு ஊத்தியிருக்காங்க."

"அடைக்கலம், இந்தப் பட்டாசு யார் உபயம்?"

"சண்முகம் மொதலாளிதான் சார். வருஷா வருஷம் அவருதான. நனைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சதும் ரொம்ப வருத்தப்பட்டாரு. பொறவு அவரேதான் சொன்னாரு, கப்பல் ராக்கெட்டு சும்மா கிடக்குல்ல, அதை விடச் சொல்லி துறைமுகத்துப் பெரிய தொரைகிட்ட நான் பேசுறேன்னு."

பலகைக்கு அடியில் அலை சளப் சளப் என்று அடித்தது.

பக்தவத்சலம் மெதுவாகச் சொன்னார். "ஒருவனைக் கடலுக்கு அனுப்பிச் சாகடிக்க வேண்டும். ஆனால் அவன் இடுப்பில் ஆபத்து ராக்கெட் வைத்த டப்பா கட்டிக்கொண்டு திரிகிறான், படகு முதலாளிக்கு அது தெரியும். அதைப் பிடுங்க முடியாது. பிடுங்கினால் சந்தேகப்படுவான். அதனால் டப்பாவை அவனிடமே விட்டுவிட்டு, ஊரை மாற்றிவிட்டார் சண்முகம். வானம் பூராவும் சிவப்பு ராக்கெட் பறக்கிற நேரத்தில் உதவி கேட்கிற சிவப்பும் ஒரு வாணம்தான். பார்க்கிறவன் ஓடி வர மாட்டான். கைதட்டுவான்."

கிளாரா தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டாள். நேற்று வாயில் வைத்து விசில் அடித்த விரல்கள். வெட்கமாக இருந்தது. அப்போது பக்கத்தில் ஞானசெல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த லூர்து குதித்துக் குதித்துக் கைதட்டினாள், அப்பாவின் வாணத்துக்கு.

"சார், சண்முகம் எழுந்து ஓடினாரே. மாலையைப் போட்டுட்டு."

"ஓடத்தானே வேண்டும். மற்ற வாணங்களோடு கலக்காமல், எல்லாம் முடிந்த பிறகு அது தனியாக வந்து தொலைத்ததில் அவருக்கே பயம். அந்த மைதானத்தில் அது யார் விட்டது என்று தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ராத்திரி தூங்காததற்கும் காரணம் அதுதான்."

"அப்போ ராத்திரியே போய்..."

"முடித்திருந்தால் இன்று நிம்மதியாக இருந்திருப்பார். நாம் போகும்போது அப்படிப் பார்த்திருக்க மாட்டார். தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. பகலில் மறுபடி தேடுவார்."

போலீஸ் லாஞ்ச், அவர்களின் விசைப்படகு, கார் நிக்கோபார் தீவுக்குப் போயிருந்தது. துறைமுக லாஞ்ச் ஜெட்டியிலேயே கட்டிக்கிடந்தது. ஆனால் பெரிய துரையின் உத்தரவு இல்லாமல் அதை அவிழ்க்க முடியாது. துரை விழாக் களைப்பில் இன்னும் ஆபீஸுக்கு வரவில்லை.

"சங்கு ஊதினா மட்டும் உத்தரவு வேண்டாம் சார்," என்றார் அடைக்கலசாமி. "கடல்ல ஆபத்துன்னு அர்த்தம். லாஞ்ச் தானா கிளம்பணும். ஆனா கண்ணால பாக்காம ஊதினேன்னா என் வேலை போயிரும்."

"அப்படியென்றால் கண்ணை ராஸ் பக்கம் வைத்திருங்கள். அங்கே மறுபடி சிவப்பு தெரிந்தால் தயவுசெய்து சலாம் வைக்க வேண்டாம்."

கரையோரம் ஒரு துடுப்பு டோங்கி ஆடிக்கொண்டிருந்தது. கிளாரா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் குதித்தாள். பக்தவத்சலம் அந்தச் சின்னப் படகைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கருத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"நீங்க இங்கயே இருங்க சார். நான் போயிட்டு வாறேன்."

"வாயை மூடு," என்று சொல்லிவிட்டு, மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் தண்ணீரில் இறங்கினார்.

*

தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்ததும் ஊர் மறைந்துவிட்டது. அலை பெரிதாகியது. பக்தவத்சலம் இரண்டு தடவை படகுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டு இப்போது கண்ணை மூடிக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்தார். இடிந்த சுவர்மேல் நின்று ஒரு மான் அவர்களைப் பார்த்தது. வேறு உயிர் எதுவும் கண்ணில் படவில்லை.

பாறைகளுக்கு நடுவே ஒரு டோங்கியின் பாதி செருகிக் கிடந்தது. கிளாரா பக்கத்தில் ஓட்டிப்போய்ப் பார்த்தாள். அடிப்பலகையில் ஒரு துவாரம், உளி வைத்துத் தோண்டியது போல வட்டமாக இருந்தது. விளிம்பில் சோப்புப் பசை ஒட்டிக்கொண்டிருந்தது. கரைகிற வரைக்கும் தாங்கும். நடுக்கடலில் கரையும்.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "இருதயண்ணே."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். அலைச் சத்தம்தான். அவளுக்கு அழுகை வந்தது. பிறகு ஏதோ தோன்றி, தான் யார் என்பதைச் சொன்னாள். "அண்ணே, நான் அந்தோணிமுத்து மக கிளாரா. ஞானசெல்வியக்கா அனுப்பினாவ. வேற யாரும் இல்ல."

எங்கிருந்தோ கல்லைக் கல்லால் தட்டும் சத்தம் கேட்டது.

இடிந்த மதில் ஒன்று கடலுக்குள் சரிந்திருந்தது. அதன் அடியில், இடுப்பளவு தண்ணீரில், இருதயநாதன் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திரும்பி, வீங்கி, கருநீலமாகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. நெஞ்சோடு அந்தத் தகர டப்பாவை அணைத்துக்கொண்டிருந்தான்.

கிளாரா அவன் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

"இன்ஜின் நின்னு போச்சு, ராஸுக்குப் பின்னால என் படகு கிடக்குன்னு மொதலாளி சொன்னாரு," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பாத்துட்டு வாணத்துக்குப் போயிரலாம்னு வந்தேன். படகும் இல்ல ஒண்ணும் இல்ல. என் டோங்கிதான் முங்கிச்சு. பாறை காலை ஒடிச்சிட்டு. இருட்டினதும் ஒண்ணு விட்டேன்."

"பாத்தோம்ணே," என்றாள் கிளாரா.

"தெரியும். ஓன்னு சத்தமும் கைதட்டலும் இங்க வரைக்கும் கேட்டுச்சு. பாத்துட்டாவ, ஊரே பாத்துட்டுன்னு நெனச்சேன். இப்ப வந்துருவாவன்னு அழுதேன் பாத்துக்க, சந்தோசத்துல."

பக்தவத்சலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு படகு வந்துச்சு," என்றான் இருதயநாதன். "இன்ஜின் படகு. விளக்கு வச்சுத் தேடினாவ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ. பதில் குடுக்க வாயைத் திறந்துட்டேன். அப்பத்தான் குரல் புரிஞ்சுது. மொதலாளி குரல். கூட ரெண்டு பேரு. எனக்கு அந்த ஓட்டை ஞாபகம் வந்துச்சு. மூக்கு மட்டும் வெளிய இருக்க தண்ணிக்குள்ள கிடந்தேன். விடிய விடிய சுத்தினாவ."

"டப்பாவுல வேற எதுவும் இல்லையாண்ணே?"

"இன்னொண்ணு இருக்கு."

"ஏன் விடல?"

"விட்டா அவன்தான வருவான்."

கிளாரா அவனைத் தூக்கி டோங்கியில் கிடத்துவதற்காக அக்குளுக்கடியில் கை கொடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தடதடவென்று இன்ஜின் சத்தம். இருதயநாதனின் உடம்பு மரம்போல விறைத்தது. அவன் வாழ்நாளெல்லாம் பிரித்துப் போட்டுப் பூட்டிய இன்ஜின் அது.

தீவின் முனையைச் சுற்றிக்கொண்டு சண்முகத்தின் சிப்பிப் படகு வந்தது. முன்னால் சண்முகம் நின்றிருந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், கையில் காடு வெட்டும் நீளக் கத்தி. அவர் தேடி அலைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இவர்களைப் பின்தொடர்ந்தால் போதும். இவர்கள் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டார்கள். இது தன் மூளைக்கு முன்பே எட்டியிருக்க வேண்டும் என்று பக்தவத்சலத்தின் முகம் சொன்னது.

"பாவம், மூணு பேரும் டோங்கி கவுந்து போயிட்டாங்க," என்று சண்முகம் தண்ணீரைத் தாண்டிக் குரல் கொடுத்தார், யாருக்கோ செய்தி சொல்வது போல. "நல்ல காலம் இல்லாத நேரத்துல கடலுக்கு வந்தாங்க."

"டப்பாவைத் திற," என்றார் பக்தவத்சலம்.

இருதயநாதன் அதை விடவில்லை. "வேண்டாம்மா. மறுபடியும் கைதட்டுவாவ."

"குடுங்கண்ணே."

அவள் பல்லால் மெழுகைக் கடித்துத் துப்பினாள். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரே ஒரு ராக்கெட். அடியில் இருந்த வளையத்தை இழுத்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. நமத்துவிட்டதா என்றுகூட நினைத்துவிட்டாள். பிறகு அது அவள் கையை உதறிக்கொண்டு சீறியது. மதிலைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி மேலே போனது. கருமேகத்தின் அடியில் சிவப்பாக விரிந்து, அங்கேயே நின்றது.

சிப்பிப் படகில் இருந்தவர்கள் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். சண்முகம் ஏதோ கத்தினார். ஆனால் இன்ஜின் ஓட்டியவன் கை வேகத்தைக் குறைத்துவிட்டிருந்தது.

தீவுக்கு அந்தப் பக்கம் ஊர் இருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கிளாரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடைக்கலசாமி பீடி பற்ற வைக்கக் குனிந்திருந்தால் என்ன செய்வது. சிவப்பு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

இருதயநாதன் கண்ணை மூடியிருந்தான். காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. தூரத்தில் எழுந்த ஓசையை முதலில் கேட்டவன் அவன்தான். அவள் கையை இறுகப் பிடித்தான்.

"என்ன சத்தம் அது? கைதட்டுதாவளா?"

அது நீளமாக, விட்டு விட்டு, நிற்காமல் வந்தது. சண்முகத்தின் படகு திரும்ப இடம் தேடியது. கிளாராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இல்லண்ணே," என்றாள். "சங்கு ஊதுதாவ."